ஆற்றுமணலில் பிறந்த கபுகி, களரியில் விடியும் கூத்து

‘கூத்தாடி’ என்ற சொல்லை இன்று நாம் பெரும்பாலும் வசையாகவே பயன்படுத்துகிறோம். திரைத்துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவரைச் சிறுமைப்படுத்த அது மேடைகளில் வீசப்படுகிறது. பொய்யாக நடந்துகொள்பவரைச் சாடவும் அதே சொல்தான். தில்லையில் ஆடும் இறைவனைக் ‘கூத்தன்’ என்று வணங்கும் மொழியில், ஆடிப் பிழைக்கும் மனிதனின் பெயர் ஏச்சாகிவிட்டது.

இந்த முரண் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் கபுகி நடிகர்களை ‘ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்கள்’ என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்நாடு தன் பண்பாட்டின் முகமாக உலகின் முன் வைக்கும் கலைகளுள் கபுகி முதன்மையானது. இழிசொல்லிலிருந்து பெருமிதத்துக்கு ஒரு கலை எப்படிப் பயணித்தது என்பதைத் தெரிந்துகொள்வது, நம் தெருக்கூத்தைப் பற்றிச் சிந்திக்க உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சாய்ந்து நின்ற கலை

1603ஆம் ஆண்டையொட்டி, கியோட்டோ நகரில் காமோ ஆற்றின் வறண்ட மணற்படுகையில் இசுமோ நோ ஓக்குனி என்ற பெண் தன் குழுவினருடன் ஆடத் தொடங்கினார். ஆண் உடை தரித்து, இடையில் வாள் செருகி, அக்காலத்து ஊதாரி இளைஞர்களைப் போல நடித்துக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. ‘கபுகு’ என்ற ஜப்பானிய வினைச்சொல்லுக்குச் சாய்தல், நேர்வழியிலிருந்து விலகி நடத்தல் என்று பொருள். வழக்கத்துக்கு மாறாக உடுத்தித் திரிந்தவர்களுக்கு இட்ட அந்தப் பெயர் கலைக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அதைப் பாட்டு, ஆட்டம், திறன் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று எழுத்துகளால் எழுதத் தொடங்கினர். இயல், இசை, நாடகம் என்று மும்மை பேசும் தமிழருக்கு இந்தப் பெயர்மாற்றத்தின் உள்நோக்கம் எளிதில் புரியும்: பழிச்சொல்லை அழிக்காமலேயே அதற்குக் கௌரவமான ஓர் எழுத்துருவை அளித்துவிட்டார்கள்.

ஆட்சியாளர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. ஒழுக்கக்கேடு என்று கூறி 1629இல் பெண்கள் மேடையேறுவதைத் தடைசெய்தனர். பெண்களின் இடத்தில் பதின்வயதுச் சிறுவர்கள் ஆடினர். 1652இல் அதற்கும் தடை வந்தது. வளர்ந்த ஆண்கள் மட்டுமே ஆடலாம், அதுவும் வெறும் கவர்ச்சியாக அல்லாமல் கதையுள்ள நாடகமாக ஆட வேண்டும் என்ற நிலையில்தான் இன்றைய கபுகி உருவானது. தடை கலையைக் கொல்லவில்லை. வேறு வழியில் திருப்பிவிட்டது. ஆனால் அதைத் தொடங்கிவைத்த பெண்ணினம் அதிலிருந்து வெளியேற்றப்பட்டது. பெருமையோடு சேர்த்து இந்த இழப்பையும் கபுகியின் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

தமிழ் நாடக வரலாற்றிலும் இதன் எதிரொலிகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுவதும் பெண்களைக் கொண்ட நாடகக் குழுவை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். அதற்குப் பின் வந்த காலம் பாலர் நாடகக் குழுக்களின் காலமாயிற்று. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்த சங்கரதாஸ் சுவாமிகளே அந்தக் காலத்தின் ஆசான்.

நான் வசிக்கும் கோட்டக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1867இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கராக வேலை பார்த்து, அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தவர். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கு வந்து அஞ்சலி செலுத்துகின்றனர். எஞ்சிய நாள்களில் அந்த வழியே செல்வோரில் எத்தனை பேருக்கு அங்கு உறங்குபவர் யாரென்று தெரியும்?

களரியும் மேடையும்

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்தப் பகுதிதான் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பரிசில் பெற்ற கலைஞன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞனிடம் ‘இந்த வழியே போ, இன்னாரைப் பார்’ என்று ஆற்றுப்படுத்தும் நூல் அது. ஆடியும் பாடியும் பிழைப்பவரின் வயிற்றுப்பாடு இந்தக் கடற்கரைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய செய்தி.

இங்கிருந்து மேற்கே செஞ்சி, திருவண்ணாமலை, செய்யாறு, காஞ்சிபுரம் வரை விரியும் நிலப்பரப்பே தெருக்கூத்தின் தாய்நிலம். செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாக மரபு போற்றுகிறது. பங்குனி தொடங்கி ஆடி முடிய ஊர்தோறும் அம்மனுக்கு விழா எடுப்பார்கள். பகலில் பாரத விரிவுரை, இரவில் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதையாக நகர்ந்து, பதினெட்டாம் போரில் முடியும். இரவு பத்து மணிக்கு மேல் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் முழங்கத் தொடங்கினால், கீழ்வானம் வெளுக்கும்போதுதான் ஓயும்.

கபுகியைப் புரிந்துகொள்ளக் கூத்தைப் பார்த்தவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கபுகி அரங்கில் மேடையிலிருந்து பார்வையாளர் நடுவே பின்புறம் வரை ஒரு நடைமேடை நீளும். ‘ஹனமிச்சி’, அதாவது மலர்ப்பாதை என்பது அதன் பெயர். முக்கியப் பாத்திரம் அதன் வழியே வந்து, நடுவழியில் நின்று, தன்னை நிலைநிறுத்திக்கொண்ட பிறகே மேடைக்குச் செல்லும். கூத்தில் அந்த வேலையைத் திரை செய்கிறது. இருவர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்று வேடக்காரர் திரை விருத்தம் பாடுவார். தலைக்கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். சலங்கை ஒலி கேட்கும். ‘வருவது யார்?’ என்று கட்டியங்காரன் கேட்பான். தன் குலமும் பெருமையும் சொல்லி முடித்த பிறகே முகம் தெரியும். வருகையையே ஒரு நிகழ்ச்சியாக்கும் கலை இரண்டுக்கும் பொது.

திரை பிடிக்கும் அந்த இருவரும் நம் கண்முன்னேதான் நிற்கிறார்கள். ஆனால் நாம் அவர்களைப் பார்ப்பதில்லை. கபுகியிலும் கறுப்புடை அணிந்த உதவியாளர்கள் மேடைமீது நடமாடி, நடிகருக்கு வாளை நீட்டுவார்கள், உடையைச் சரிசெய்வார்கள். கறுப்பு என்றால் ‘இல்லை’ என்று பொருள் என்பது நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையிலான உடன்பாடு. எதார்த்தத்தைப் போலி செய்வதற்கு இக்கலைகள் முயல்வதே இல்லை. ஒரு பெஞ்சுப்பலகை அரியணையாகும். அதுவே மறுகணம் தேராகும்.

உச்சகட்டத்தில் கபுகி நடிகர் உடலை முறுக்கி, விழியை உருட்டி, சிலைபோல உறைந்து நிற்பார். ‘மியே’ எனப்படும் அந்தக் கணத்தில் அரங்கின் பின்வரிசையிலிருந்து தேர்ந்த ரசிகர்கள் நடிகரின் குடும்பப் பட்டப்பெயரைக் கூவுவார்கள். கூத்தில் இதற்கு நேர்மாறான வழி. உணர்ச்சி உச்சத்தில் கட்டைவேடக்காரர் உறைவதில்லை, சுழல்கிறார். கிறுகிறுவென்று அவர் சுற்றும்போது இடுப்புப் பாவாடை குடையாக விரியும். தோளிலும் தலையிலும் அணிந்த கட்டைகளில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒளியைத் தெறிக்கும். மரத்தாலான இந்த அணிகளின் பெயராலேயே இக்கலையைக் ‘கட்டைக்கூத்து’ என்று அழைப்போரும் உண்டு.

முகத்தின் வண்ணத்திலும் ஒரு சுவையான வேறுபாடு. கபுகியின் முரட்டு வீர நடிப்பில் சிவப்புக் கோடுகள் அறச்சீற்றமும் ஆற்றலும் கொண்ட நாயகனைக் குறிக்கும். நீலம் கொடியவனுக்கு உரியது. நம் கூத்திலோ சிவப்பு பெரும்பாலும் துரியோதனன், துச்சாதனன் போன்றோரின் நிறம், பச்சை கண்ணனுக்கு.

விளையாட்டும் வழிபாடும்

ஒற்றுமைகளை அடுக்கிக்கொண்டே போவது எளிது. வேறுபாடு ஒன்றுதான், ஆனால் அது அடிப்படையானது. கபுகி நகர வணிகர்களின் கலையாக வளர்ந்தது. நுழைவுச்சீட்டு விற்றது, போட்டி அரங்குகளோடு மோதியது, 1758இல் ஒசாகாவில் சுழல்மேடையை அறிமுகப்படுத்தி வியப்பூட்டியது. நாட்டையே உலுக்கிய நாற்பத்தேழு சாமுராய்களின் பழிவாங்கலைப் பெயர் மாற்றி 1748இல் நாடகமாக்கியது. அதன் நடிகர்கள் அச்சோவியங்களில் விற்கப்பட்ட நட்சத்திரங்கள்.

கூத்தோ ஊரின் நேர்த்திக்கடன். அர்ச்சுனன் தபசில் நடிகர் ஏறும் உயர்ந்த கம்பம் நாடகப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அதன் கீழே கூடி நிற்பார்கள். பகாசுரன் வதையில் பீமன் மாட்டுவண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு சோறு வாங்குவான். துகிலுரிதலில் சேலையைப் பற்றும்முன் கூத்து நின்று கற்பூரம் ஏற்றப்படும். துச்சாதன வேடக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். இறுதிநாள் காலையில் மண்ணால் செய்த பேருருவமாகத் துரியோதனன் படுகளத்தில் கிடக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. ஆகவே கூத்துக்கு வந்திருப்பவர் முழுமையாகப் பார்வையாளரும் இல்லை. அவரும் அந்தப் பாரதத்தில் ஒரு பங்காளி.

இதனால்தான் கபுகியின் வெற்றியை அப்படியே நகலெடுக்க முடியாது. கூத்தைக் குளிரூட்டிய அரங்குக்குள் இரண்டு மணிநேரம் நிறுத்திவைப்பது அதன் ஆட்டத்தைக் காட்டும், ஊரைக் காட்டாது.

பெண் வேடம் என்னும் கேள்வி

கபுகியில் பெண் பாத்திரம் ஏற்கும் ஆண் நடிகரை ‘ஒன்னகத்தா’ என்பர். பெண்ணைப் போலி செய்வது அவர் நோக்கமன்று; தோளைத் தாழ்த்தி, முழங்காலைச் சேர்த்து, கழுத்தின் வளைவிலும் விரலின் அசைவிலும் பெண்மையின் ஒரு வடிவத்தைச் செதுக்குவதே அக்கலை. தமிழர்களுக்கு இது புதிதன்று. ஸ்திரீபார்ட் நடிகர்களால் நிறைந்தது நம் நாடக மேடை. ஔவையாராகவே அறியப்பட்ட தி.க.சண்முகம், இளமையில் சீதை வேடம் தரித்த சிவாஜி கணேசன் ஆகியோர் அந்த மரபிலிருந்து வந்தவர்கள். மறுபுறம், கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடங்களில் கொடிகட்டிப் பறந்தார். 1935இல் வெளியான திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

கபுகியின் பெருமேடை இன்றும் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியது. இந்த விஷயத்தில் நம் கூத்து ஓரடி முன்னே சென்றிருக்கிறது. பெ.ராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் குழந்தைகளும் பள்ளிக்கல்வியோடு சேர்த்துக் கூத்துப் பயின்றனர். பெண்கள் கட்டை அணிந்து வீர வேடம் கட்டிச் சுழன்றது சிறிய மாற்றமன்று. அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது என்பதையும் வருத்தத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

மதிப்பு தானாக வரவில்லை

கபுகிக்கு மதிப்பு எப்படி வந்தது? காலம் கனிந்து தானாக வந்ததில்லை. 1840களில்கூட ஆட்சியாளர்கள் நாடகக் கொட்டகைகளைத் தலைநகரின் விளிம்புக்குத் துரத்தினார்கள். 1887இல் மெய்ஜி பேரரசர் நேரில் அமர்ந்து கபுகி பார்த்தார். ஆற்றங்கரைப் பிச்சைக்காரரின் கலை அரசரின் கண்முன் நிகழ்ந்த அந்த நாள் நடிகரின் சமூகத் தகுதியை மாற்றியது. 1889இல் டோக்கியோவில் கபுகிசா அரங்கு எழுந்தது. தீயிலும் போரிலும் அழிந்தபோதெல்லாம் அதை மீண்டும் கட்டினார்கள். இன்றுள்ள கட்டடம் 2013இல் திறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை ஆக்கிரமித்த அமெரிக்க நிர்வாகம் நிலவுடைமை விழுமியங்களைப் போற்றுவதாகக் கூறிப் பல கபுகி நாடகங்களைத் தடுத்தது. 1947க்குள் அந்தத் தடைகள் தளர்ந்தன. 1966இல் தேசிய அரங்கம் உருவானது. 1970இல் அது தொடங்கிய பயிற்சித் திட்டம்தான் மிக முக்கியமானது. கபுகிக் குடும்பத்தில் பிறக்காத இளைஞர்களும் முறையாகப் பயின்று மேடையேற அது வழிசெய்தது. 2022இல் ஒருவர் பதின்மூன்றாம் இச்சிகவா தன்ஜூரோ என்று பெயர் சூடும் அளவுக்கு வாரிசுரிமை வேரூன்றிய கலையில், இது அமைதியான ஒரு புரட்சி. 2005இல் யுனெஸ்கோ கபுகியை மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

எல்லாம் செம்மையாக இருக்கிறது என்று பொருளில்லை. மறுகட்டுமானத்துக்காக 2023இல் மூடப்பட்ட தேசிய அரங்கம், ஏலம் எடுக்க நிறுவனங்கள் முன்வராமல் தடுமாறியது. செல்வச் செழிப்பு மிக்க நாட்டிலும் மரபுக்கலையைக் காப்பது முடிவில்லாத வேலைதான்.

நம் பக்கமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந.முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு, நவீன நாடகம் கற்க வேண்டிய பள்ளி இதுதான் என்று படித்த வர்க்கத்துக்கு எடுத்துரைத்தார். புரிசைக் கலைஞர்கள் பாரதத்தோடு நில்லாமல் பிரெக்டையும் மார்க்கேஸையும் கூத்தாக்கினர். 1990இல் கலைஞர்களே சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் கண்டனர். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென அரசு நல வாரியம் அமைத்தது. கேரளத்தின் கூடியாட்டமும் முடியேற்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன, தெருக்கூத்து இல்லை.

இரவை யார் மீட்பது?

‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பது நம் பழமொழி. ஒருவனுக்கு விடிந்தால் வேலை முடியும், மற்றவனுக்கு இருட்டினால். மரக்காணம் பக்கத்து ஊர்களில் இந்த இருவரும் ஒரே களரியில் சந்திப்பதை நான் கண்டிருக்கிறேன். உப்பளத்தில் வெயில் ஏறும்முன் வேலையைத் தொடங்க வேண்டியவர்கள், விடியற்காலையில் கர்ணனின் சாவைப் பார்த்துவிட்டு அப்படியே பாத்திக்குப் புறப்படுவார்கள். உப்புக் காலமும் கூத்துக் காலமும் ஒரே கோடைக்கு உரியவை.

அந்த இரவுதான் இன்று சுருங்கிவருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மட்டும் மாநில அரசு தளர்வு அளிக்கலாம். நோயாளியும் தேர்வெழுதும் மாணவரும் உறங்க வேண்டும் என்ற அந்த விதியின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடியும்வரை நிகழ்வதற்கென்றே வடிவமைந்த ஒரு கலையை அது கருத்தில் கொள்ளவில்லை. அனுமதி கிடைக்காத ஊரில் கூத்தை மூன்று மணிநேரத்துக்குச் சுருக்குகிறார்கள். அல்லது அந்தச் செலவில் இன்னிசைக் கச்சேரி வைத்துவிடுகிறார்கள்.

கபுகியும் தன் நேரத்தைச் சுருக்கியதே என்று கேட்கலாம். உண்மைதான். தீவிபத்துக்கு அஞ்சி, விடியலில் தொடங்கி மாலையில் முடிந்த பழைய நாடக நாள் இன்று பகல்காட்சி, மாலைக்காட்சி என்று பிரிந்துவிட்டது. ஒரே ஒரு காட்சியை மட்டும் பார்க்கக் குறைந்த விலையில் சீட்டும் உண்டு. ஆனால் எதைச் சுருக்குவது, எப்படிச் சுருக்குவது என்பதை அங்கே கலையின் உரிமையாளர்கள் முடிவுசெய்தார்கள். இங்கே காவல் நிலையத்தின் கடிகாரம் முடிவுசெய்கிறது.

செய்யக்கூடியவை எளியவையே. கூத்து நிகழும் களரிகளில் ஒலியளவைக் குறைத்து, வெளியே பரவாத சிறு ஒலிபெருக்கிகளை மட்டும் அனுமதிக்கும் தனி விதி ஒன்றை அரசு பரிசீலிக்கலாம். ஒலிபெருக்கியே இல்லாமல் தலைமுறைகள் ஆடிய கலைக்கு இது பெரிய தியாகமன்று. அரசு இசைக் கல்லூரிகளுக்கு இணையாக, வட தமிழகத்தில் கூத்துக்கென நிலையான பயிற்சிப் பள்ளி ஒன்று வேண்டும். அதில் எந்தச் சாதிப் பிள்ளையும், ஆணும் பெண்ணும் சேர இடம் வேண்டும். மூத்த வாத்தியார்களின் நினைவில் மட்டும் இருக்கும் பாடங்களை அவர்கள் இருக்கும்போதே முழு இரவு வடிவில் பதிவுசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் வேடம் கட்ட முடியாத மாதங்களுக்கு உதவித்தொகை வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அரசை எதிர்பார்க்கலாம். ஒன்றை மட்டும் நாமே செய்ய முடியும். எதிராளியை ஏசுவதற்குக் ‘கூத்தாடி’ என்ற சொல்லை எடுப்பதை நிறுத்திவிடலாம். ஜப்பானியர்கள் ‘சாய்ந்து நடப்பவன்’ என்ற ஏச்சைப் பாட்டும் ஆட்டமும் திறனுமாக எழுதிக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நம் சொல் தொடக்கத்திலேயே கௌரவமானது. அதன்மேல் படிந்த அழுக்கைத் துடைத்தால் போதும்.